சீராக வந்த ஃப்ரிட்ஜும் நான் செய்த பெட்டியும்

இந்தப் பெட்டியில் சாப்பாடு இல்லை தம்பி. எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேனும் அதைத்தான் கேட்டான். "பெரியவரே, உள்ளே சாப்பாடு கொண்டு போகக் கூடாது, கேன்டீன்ல உக்காந்து சாப்பிட்டுட்டு வாங்க" என்றான். மருந்துப் பெட்டி என்றேன். தட்டிப் பார்த்தான். கீழே பேட்டரியும் ஒயரும் தெரிந்ததும் இரண்டடி தள்ளி நின்றுகொண்டான். அப்புறம் என் மருமகள் போய் அவனிடம் என்னவோ சொன்னாள், விட்டுவிட்டான். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. என்னைப் பற்றி அவள் வெளியில் என்ன சொல்கிறாள் என்று நான் கேட்டுக்கொள்வதில்லை.

உங்களுக்குக் கண்ணில் சொட்டு விடவில்லையா? ஓ, அம்மாவுக்குத் துணைக்கு வந்தீர்களா. சரி. எனக்கு விட்டிருக்கிறார்கள். அரை மணி நேரம் கண்ணைத் திறக்கக் கூடாதாம். திறந்தாலும் எனக்குப் பெரிசாக ஒன்றும் இல்லை. இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் நேராக இருப்பது மட்டும் தெரியும். குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி. நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பேச்சை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கண்ணுக்குள் பிரஷர். நாற்பது வயசிலேயே வந்திருக்கும் என்கிறார்கள். வலியே தெரியாமல் ஓரத்திலிருந்து தின்றுகொண்டு வருமாம். நான் லாரி ஓட்டினவன். கடைசி இரண்டு மூன்று வருஷம் டோல்கேட்டில் இடது பக்கக் கண்ணாடி அடிக்கடி உரசிக்கொண்டு போகும். கேட்டைக் குறுகலாகக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று இறங்கிச் சண்டை போடுவேன். கண்ணால்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். இருக்கட்டும். அந்தக் கேட்டும் குறுகல்தான்.

போன தடவை வந்தபோது பிரஷர் ஏறியிருந்தது. டாக்டரம்மா என்னைத் திட்டினார். இந்தத் தடவையும் இறங்கவில்லை என்றால் கத்தி வைக்க வேண்டியதுதான், வைத்தாலும் இருக்கிற பார்வை நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். காலையில் வந்ததும் பார்த்து அட்டையில் எழுதிவிட்டார்கள். எனக்குச் சொல்லவில்லை. பவானி பார்த்திருப்பாள். பவானி என் மருமகள். அவளிடம் கேட்க மாட்டேன். டாக்டரம்மா கூப்பிட்டுச் சொல்லட்டும்.

பெட்டி என்ன பெட்டி என்று கேட்டீர்களே. கூலர் பெட்டி தம்பி. கார்க்காரர்கள் டூர் போகும்போது தண்ணீர் பாட்டில் வைத்துக்கொள்வார்களே, அது. உள்ளே கேஸ் கிடையாது, கம்ப்ரசர் கிடையாது. பிஸ்கட் அளவில் ஒரு வெள்ளைத் தகடு. அதில் கரண்டு விட்டால் ஒரு பக்கம் குளிரும், மறு பக்கம் கொதிக்கும். அதற்குக் கடைக்காரர் ஒரு வெள்ளைக்காரன் பெயர் சொன்னார். நான் தகடு என்றே சொல்வேன். வாங்கும்போது இது இப்படி இல்லை. வாங்கும்போது வெறும் டப்பா. இப்போது இருப்பது முழுக்க நான் செய்தது.

என் மருந்து குளிரில்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் வீரியம் போய்விடும். வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லையா என்று அடுத்துக் கேட்பீர்கள். இருக்கிறது. இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ். அது எனக்கு இல்லை.

அந்த ஃப்ரிட்ஜ் பவானிக்குச் சீராக வந்தது. அவள் அப்பா பெயர் தனராஜ். சாத்தூரில் பாத்திரக்கடை. கல்யாணத்தன்று மண்டபத்தில் அதை நட்டநடுவில் நிறுத்தி, மேலே மாலை போட்டு, போட்டோ எடுத்தார்கள். மாப்பிள்ளைக்குப் போட்ட மாலையைவிட அது பெரிய மாலை.

பேரனுக்குக் காது குத்து வைத்தோம். வீடு நிறைய ஆள். எனக்குத் தெரிந்த டிரைவர் ஒருத்தன் தூத்துக்குடியிலிருந்து நல்ல நெய்மீன் கருவாடு கொண்டுவந்து கொடுத்திருந்தான். இரண்டு கவர் போட்டு முடிந்து ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வைத்திருந்தேன். இரண்டு கவர். கவனியுங்கள். தனராஜ் குடிக்கக் கலர் பாட்டில் எடுக்கக் கதவைத் திறந்தார். திறந்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நின்ற என் மகன் பக்கம் திரும்பினார்.

"என்ன மாப்ளே, நான் வாங்கிக் குடுத்தது ஃப்ரிட்ஜுன்னுல நெனச்சேன், கருவாட்டுக் கடைக்குக் கதவா?"

அவ்வளவு பேரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும், வந்த ஆட்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். என் மகன் ரவீந்திரனும் சிரித்தான். எனக்கு எதிரே நின்று, பல் தெரியச் சிரித்தான். அதைத்தான் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கு இரண்டு பக்கமும் கண் தெரிந்தது, நன்றாகவே பார்த்தேன்.

கருவாட்டை எடுத்து வெளியே போட்டேன். பந்தி முடிந்ததும் என் துணிமணியை எடுத்துக்கொண்டு மாடி ரூமுக்குப் போய்விட்டேன். இனி என் பொருள் ஒன்று அந்த ஃப்ரிட்ஜுக்குள் போகாது, அதிலிருந்து வந்த ஒரு வாய்த் தண்ணீர் என் தொண்டையில் இறங்காது என்று சொன்னேன். என் வீட்டுக்காரி செண்பகம் பின்னாலேயே தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"பேசுனது அவுரு. ஃப்ரிட்ஜு என்னங்க பண்ணுச்சு?" என்றாள்.

அவள் அப்படித்தான் பேசுவாள்.

அப்புறம் கண்ணில் இந்த நோய் என்று தெரிந்தது. சொட்டு மருந்து எழுதிக் கொடுத்து, ராத்திரி ராத்திரி ஒரு சொட்டு, ஃப்ரிட்ஜில் வையுங்கள் என்றார்கள். செண்பகம் என் முகத்தைப் பார்த்தாள். முடியாது என்றேன். "மருந்துக்குப் போயி என்னங்க ரோஷம்? கண்ணுங்க அது" என்றாள். பஸ்ஸில் ஊர் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். கோவில்பட்டியில் இறங்கினதும் நேரே பழைய கார் சாமான் விற்கிற கடைக்குப் போய் இந்தப் பெட்டியை வாங்கினேன். அவளிடம் கொடுத்து, "இந்தா, நம்ம ஃப்ரிட்ஜ்" என்றேன். வாங்கிக்கொண்டாள்.

வாங்கினபடியே இருந்திருந்தால் உருப்பட்டிருக்காது. எங்கள் ஊர் வெயிலுக்கு மாடி ரூம் அடுப்பு. பகலெல்லாம் ஓடினாலும் தண்ணீர் பாட்டிலில் வியர்வை கட்டாது. ஓட்டைப் பெட்டி, உள்ளே வந்த குளிர் எல்லாம் சுவர் வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. தெர்மகோல் வாங்கிச் சுற்றிலும் ஒட்டலாம் என்று இறங்கினேன். ஒட்டுவதற்கு நமக்குத் தெரிந்த பசை பஞ்சர் சொல்யூஷன்தானே. லாரி டியூபுக்குப் போடுவது. தாராளமாகத் தடவி ஒட்டினேன். காலையில் பார்த்தால் தெர்மகோல் சர்க்கரைப் பாகு மாதிரி உருகி வழிந்திருக்கிறது. சொல்யூஷன் அதைத் தின்றுவிட்டது. செண்பகம் பார்த்துவிட்டு, "பெட்டிக்கு அம்மை போட்டிருக்கே" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு ஃபெவிகால் வாங்கி ஒட்டினேன். இரண்டு அடுக்கு. மூடியில் கதவு ரப்பர். வெளியே லாரி கேபினில் போடுகிற ரப்பர் மேட்டை வெட்டிச் சுற்றினேன்.

அன்றைக்கு ராத்திரிதான் முதல் தடவையாகச் சொட்டு சில்லென்று விழுந்தது.

அதைச் சொல்லவில்லையே. சொட்டு விடுவது செண்பகம்தான். எனக்குக் கை நடுங்கும், புட்டியின் மூக்கு கண்ணில் இடிக்கும். ராத்திரி சாப்பிட்டதும் அவள் தட்டைக் கழுவக் கீழே போவாள். மாடியிலேயே குழாய் இருக்கிறது. கீழே தண்ணீர் வேகமாக வரும் என்பாள். மூட்டு வலிக்காரி, படி படியாகக் கையை ஊன்றிப் போவாள், வருவாள். மகன் முகத்தையும் பேரன் முகத்தையும் ஒரு தடவை பார்த்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். நான் கோபித்துக்கொண்டு வந்த வீட்டுக்குள் இவள் தினம் போய் வருகிறாளே என்று எனக்கு அவள் மேலும் வருத்தம்தான். காட்டிக்கொள்ள மாட்டேன். திரும்பி வந்ததும் பெட்டியைத் திறப்பாள், மூடுவாள், "தலையைத் தூக்குங்க" என்பாள். சொட்டு விழும்.

எனக்கு அதுதான் மீட்டர். சொட்டு கண்ணில் விழுகிற நொடியில் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அப்படித்தான் சரிபார்த்தேன்.

வெறும் கண்ணை வைத்து எப்படி என்று கேட்பீர்கள். குளிர் பார்க்கிற மீட்டர் ஒன்று வாங்கித்தான் வந்தேன். செல்வின் என்று டிவி ரிப்பேர் பண்ணுகிற பையன் கொடுத்தான். பெட்டிக்குள் போட்டு மூன்று மணிக்குப் பார்த்தால் இருபத்தி நாலு காட்டியது. ராத்திரி சொட்டோ ஐஸ் மாதிரி விழுந்தது. டூப்ளிகேட் மீட்டரைத் தலையில் கட்டிவிட்டான் என்று அவனிடம் போய்ச் சண்டை போட்டேன். மாற்றிக் கொடுத்தான். அதுவும் அப்படியே காட்டியது. அப்புறம் பெருக்கும்போது விளக்குமாறு பட்டு உடைந்துவிட்டது என்று செண்பகம் சொன்னாள். "உங்க கண்ணே சொல்லுதுல்ல, அதுக்கு மேலயா மீட்டர் சொல்லப்போகுது" என்றாள். எனக்கும் அது சரியாகப்பட்டது. செல்வினோடு இன்றுவரை பேச்சு இல்லை.

அடுத்து ஃபேன். கம்பெனி ஃபேன் மூச்சு வாங்கியது. பழைய ஆம்ப்ளிஃபயரில் சூட்டை இழுக்க வைத்திருந்த அலுமினியச் சீப்பைக் கழற்றி, தகட்டின் சூட்டுப் பக்கத்தில் மாட்டி, பெரிய ஃபேன் வைத்தேன். நல்ல முன்னேற்றம். ஒரு தகடு இவ்வளவு குளிர்ந்தால் இரண்டு தகடு இரண்டு பங்கு குளிருமே என்று இன்னொன்று மாட்டினேன். அது தப்பு. சூடும் இரண்டு பங்காகும் என்று யோசிக்கவில்லை. சூடு வெளியே போக வழி இல்லாமல் உள்ளேயே திரும்பிவிட்டது. பெட்டி மேல் கை வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருந்தது. ஆனாலும் ராத்திரி சொட்டில் ஒரு குறையும் இல்லை.

அதைவிட ஒன்று கேளுங்கள். ஒரு நாள் ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டேன். சிவப்பு இருந்த இடத்தில் கறுப்பு. இந்தத் தகட்டில் அப்படிக் கொடுத்தால் குளிருகிற பக்கம் கொதிக்கும், கொதிக்கிற பக்கம் குளிரும். எனக்குச் சாயங்காலம்வரை தெரியாது. திறந்தால் ஆவி அடிக்கிறது. உள்ளே இருந்த வாழைப்பழம் வெந்திருந்தது. மருந்து போய்விட்டது, புதுசு வாங்க வேண்டும் என்று நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். செண்பகம், "விட்டுப் பாப்பம், எப்படி இருக்குன்னு" என்றாள். தட்டைக் கழுவிவிட்டு வந்து சொட்டு விட்டாள்.

சில்லென்று விழுந்தது தம்பி. சத்தியமாகச் சொல்கிறேன். பழம் வெந்து கிடக்கிறது, அதே பெட்டியில் மருந்து சில்லென்று இருக்கிறது. மூலையில் நான் அதற்கென்று செய்த ஸ்டாண்டு அப்படி. மாத்திரை டப்பாவை வெட்டி, தெர்மகோல் பொதிந்து செய்தது. கம்பெனிக்காரனுக்கு எழுதிப் போடலாமா என்றுகூட நினைத்தேன். செண்பகத்திடம் சொன்னேன். புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். "உங்களை மாதிரி ஒருத்தர் இந்தத் தெருவுல உண்டா" என்றாள். என்னை மெச்சி அவள் சொன்னது அது ஒன்றுதான். அதனால் ஞாபகம் இருக்கிறது.

அப்படியே இரண்டு வருஷம். பிரஷர் ஏறவே இல்லை. ஒவ்வொரு தடவையும் டாக்டரம்மா, "நல்லா வச்சிருக்கீங்களே" என்பார். நான் பெட்டியைப் பற்றிச் சொல்ல வாயெடுப்பேன். செண்பகம் என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவாள்.

போன சித்திரையில் செண்பகம் போய்விட்டாள். காலையில் பால் வாங்கக் கீழே போனவள் நெஞ்சு வலிக்கிறது என்று நடையில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது.

ஆமாம். இருக்கட்டும். நீங்கள் என்ன செய்வீர்கள் அதற்கு.

மகள் புனேயிலிருந்து வர வேண்டும். அதனால் ஃப்ரீசர் பெட்டி எடுத்தார்கள். பார்த்திருப்பீர்கள், கண்ணாடி மூடி போட்டது. கூடத்தில் வைத்தார்கள். கூடத்தில் நல்ல பிளக் ஒன்றுதான், ஃப்ரிட்ஜ் மாட்டியிருப்பது. ரவீந்திரன் ஃப்ரிட்ஜைக் கழற்றிவிட்டு அந்தப் பிளக்கில் அவளை மாட்டினான்.

வந்தவர்கள் எல்லாம் அழுதார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு நேராக அந்தப் பெட்டி மட்டும் தெரிந்தது. மோட்டார் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. விடாமல் இழுத்துக்கொண்டிருந்தது. எழுந்துபோய்க் கண்ணாடியில் கை வைத்தேன். குளிர் போதாது. குனிந்து தடவிப் பார்த்தேன். சூட்டுக்காற்று வெளியே வருகிற பக்கத்தைச் சுவரோடு சுவராக ஒட்டி வைத்திருக்கிறார்கள். வெளியே தள்ளின சூட்டையே அது திரும்பக் குடிக்கிறது. இது கூடவா தெரியாது? நான் பெட்டியின் காலைப் பிடித்து இழுத்தேன். மாலை சரிந்தது. பெண்கள் சத்தம் போட்டார்கள்.

"சம்பந்தி, சம்பந்தி, என்ன பண்றீய? கொஞ்சம் சும்மா உக்காருங்க" என்று தனராஜ் வந்து என் தோளைப் பிடித்தார்.

"ஒரு அடி தள்ளி வைக்கணும். அவளுக்கு அந்தப் பக்கம் காத்து வேணும்" என்றேன்.

ரவீந்திரன் வந்து என் கையை எடுத்துவிட்டான். "அப்பா, இப்பவுமா?" என்றான். அவ்வளவு பேருக்கு முன்னால். இப்பவுமா என்றால் என்ன அர்த்தம்? எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்று. கடைசியில் பவானிதான், "மாமா சொல்ற மாதிரி தள்ளி வைங்க" என்றாள். இரண்டு பேர் தூக்கி வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மோட்டார் சத்தம் இறங்கியது. ஒருத்தரும் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

எனக்கு அழுகை வரவில்லை. அன்றைக்கு ராத்திரி கண்ணுக்குச் சொட்டு விட ஆளில்லை. கண் காய்ந்திருந்தது.

காரியம் எல்லாம் முடிந்து பெட்டியைத் திறந்து ஸ்டாண்டிலிருந்த புட்டியை எடுத்து நானே விட்டேன். வரவில்லை. பிதுக்கிப் பார்த்தேன். காலி. எப்போது காலியானதோ, மூடி எல்லாம் இறுகிக் கிடந்தது. மருந்து தீர்ந்ததைக்கூடப் பார்க்க ஒருத்தரும் இல்லையா என்று கீழே இறங்கிச் சத்தம் போட்டேன். "அம்மா போறதுக்கு முந்துன வாரம்தானப்பா புதுசு வாங்குனா" என்றான் ரவீந்திரன். பவானி போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். முட்டை வைக்கிற இடத்தில் ஒரு புட்டி இருந்ததாம். பாதி தீர்ந்த புட்டி. கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாவம், செண்பகத்துக்குக் கடைசியில் ஞாபகம் பிசகியிருக்கிறது, எங்கே வைக்கிறோம் என்று தெரியாமல் வைத்திருக்கிறாள். அதைத் தூக்கிக் குப்பையில் போடு என்றேன். எனக்கு அந்த ஃப்ரிட்ஜில் இருந்தது வேண்டாம் என்று அவளுக்குத் தெரியும்.

புதுசு வாங்கி என் பெட்டியில் வைத்து, நானே விட்டேன். அன்றிலிருந்துதான் பெட்டி கெட்டுப்போனது. சொட்டு வெதுவெதுப்பாக விழுகிறது. கண்ணீர் மாதிரி, விழுந்ததே தெரியவில்லை. தகடு தேய்ந்துவிட்டது என்று புதுத் தகடு போட்டேன். ரவீந்திரன் கீழே ஏசி மாட்டியிருக்கிறான், அதனால்தான் மாடிக்கு வோல்ட்டேஜ் வரவில்லை என்று அவனிடம் ஒரு சண்டை. பானைத் தண்ணீரைச் சின்ன மோட்டார் வைத்துச் சூட்டுப் பக்கத்தில் சுற்ற விட்டேன். ஃபேனைவிட அது நல்ல வழி. பகல் பூராவும் அதோடேயே உட்கார்ந்திருப்பேன். சாப்பாடு வரும், சாப்பிடுவேன். எத்தனை மாற்றினாலும் சொட்டு அப்படியேதான் விழுந்தது. அந்தச் சமயத்தில்தான் இங்கே வந்தோம். பிரஷர் ஏறியிருக்கிறது, மருந்தை எங்கே வைக்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். பெட்டி என்றேன். அடுத்த தடவை மருந்தைக் கையோடு கொண்டுவாருங்கள், நான் பார்க்க வேண்டும் என்றார். பவானி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நான் கடைசியாக ஒரு வேலை செய்தேன். தகட்டுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு செம்புத் தகடு வைத்து, சூடு கடத்துகிற பேஸ்ட் தடவி, நான்கு பக்கமும் ஒரே இறுக்கமாகத் திருகினேன். அன்றைக்கு ராத்திரி பவானி சாப்பாடு கொண்டுவந்தாள். தட்டை எடுத்துக்கொண்டு கீழே போனவள் திரும்பி மேலே வந்தாள். "மாமா, இனிமே மருந்து நான் விடுறேன். உங்களுக்குக் கை நடுங்குது, பாதி கன்னத்துல போகுது" என்றாள். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் தலையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

சில்லென்று விழுந்தது.

செம்புத் தகடுதான். சந்தேகமே இல்லை. அன்றிலிருந்து ஒரு நாள் தப்பவில்லை. அவள் தினமும் வருகிறாள். முன்னெல்லாம் மாடிப்படி ஏறாதவள். மாடி ரூமை வாடகைக்கு விடலாம் என்று தனராஜ் ஒரு தடவை சொன்னது என் காதில் விழுந்திருக்கிறது. அதற்கு அளவு எடுக்க வருகிறாளோ என்னவோ. நான் எதையும் மறக்கிறவன் இல்லை.

என்ன, சிரிக்கிறீர்களா? நம்பிக்கை இல்லையென்றால் நீங்களே திறந்து பாருங்கள். கொக்கியைப் பின்னால் தள்ளுங்கள். பேட்டரி சாத்தூர் தாண்டும்போதே தீர்ந்துவிட்டது, ஃபேன் ஓடாது. இருந்தாலும் குளிர் நிற்கும். உள்ளே இடது மூலையில் ஸ்டாண்டு இருக்கும். அதில் புட்டி நிற்கும். தொட்டுப் பாருங்கள்.

என்ன?

நன்றாகப் பாருங்கள் தம்பி. பஸ் குலுக்கலில் விழுந்திருக்கும். அடியில் கையை விடுங்கள்.

தண்ணீர் பாட்டில் மட்டுமா.

பாட்டில் எப்படி இருக்கிறது? வெளியே இருக்கிற மாதிரியேவா.

ம்.

பவானி ஒரு பிளாஸ்க் கொண்டுவந்திருக்கிறாள். வாய் அகலமான பிளாஸ்க். பஸ்ஸில் என் மேல் இடித்துக்கொண்டே வந்தது. காபி என்று நினைத்தேன். வழியில் எனக்கும் கொடுக்கவில்லை, அவளும் குடிக்கவில்லை. வண்டி குழியில் இறங்கும்போதெல்லாம் உள்ளே என்னவோ கல் மாதிரி உருண்டது. காபி உருளாது.

நான் எதையும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

செண்பகம் மாடிப்படியில் வரும்போது பாதியில் ஒரு தடவை நிற்பாள். மூட்டு வலிக்கு நிற்கிறாள் என்று நினைப்பேன். ஒரு கைதான் சுவரை ஊன்றும் சத்தம் கேட்கும், மற்றக் கையில் தட்டு மட்டும்தான் என்று நினைப்பேன்.

மூடிவிடுங்கள் தம்பி. சத்தம் வராமல் மூடுங்கள். கொக்கியை மாட்டிவிடுங்கள். அவள் வருகிறாள், அந்தச் செருப்புச் சத்தம் அவளுடையதுதான். நீங்கள் திறந்ததாகச் சொல்ல வேண்டாம். நான் காட்டினதாகவும் சொல்ல வேண்டாம். நாம் டோல்கேட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

"மாமா, எந்திரிங்க, நம்மளைத்தான் கூப்புடுறாங்க. பிரஷர் நல்லா எறங்கிருக்காம், சிஸ்டர் சொன்னாங்க. பாத்து, இந்தப் பக்கம் ஆள் இருக்காங்க. பெட்டியைக் குடுங்க, நான் வச்சுக்கிடுறேன்."

"இந்தா. ஆட்டாமப் பிடிம்மா. உள்ள மருந்து இருக்கு."